சாதா பெட்ரோல்

முதுநகர் பெட்ரோல் பங்க்கில் நிற்கிறோம். சிதம்பரத்தில் பெரியம்மாவைக் கிடத்தியிருக்கிறார்கள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். நாலு மணிக்கு எடுத்துவிடுவார்கள். இப்போது மணி இரண்டேகால். இன்னும் ஒரு மணி நேரம் ஓட வேண்டும், டேங்க் காலி.

"பிரீமியம் ரெண்டு நாளா வரல சார். சாதாதான் இருக்கு" என்கிறாள் பெட்ரோல் போடும் பெண்.

என் கணவர் இறங்கி, டேங்க் மூடியின் உட்புறம் பிரீமியம் மட்டும் என்று எழுதியிருப்பதை அவளுக்குக் காட்டுகிறார். வெளிநாட்டு வண்டி. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. சாதா போட்டால் இன்ஜினுக்குள் தட்டும் சத்தம் வந்து கெட்டுப்போகுமாம்.

"ஒரு தபா போட்டா ஒண்ணும் ஆவாது சார். அழுத்தி மிதிக்காம மெதுவா ஓட்டிட்டுப் போங்க. அக்கா மூஞ்சியப் பாருங்க, சாவுக்குப் போறீங்க போலருக்கு."

அவர் ஒவ்வொரு பங்க்காகப் போனில் விசாரிக்கிறார்.

"நான் பஸ்ல போறேன்" என்கிறேன்.

"கார வெச்சிக்கிட்டு நீ பஸ்ல போய் எறங்குனா என்னப்பத்தி என்ன நெனைப்பாங்க?"

நானும் காரிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். அதை நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

எங்கும் கிடைக்காமல், மூன்றரைக்குச் சாதாவையே போடச் சொல்கிறார். சிதம்பரம் வரைக்கும் இன்ஜினில் ஒரு சத்தமும் இல்லை.

"பரவால்லையே, நல்லாத்தான் ஓடுது" என்கிறார்.

தெருவெல்லாம் பூ சிதறிக் கிடக்கிறது. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. பெரியம்மாவின் மருமகள், அவளைக் கிடத்தியிருந்த இடத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

"ஒனக்காக அரமணி நேரம் நிறுத்தி வெச்சிருந்தாங்க" என்கிறாள், நிமிர்ந்து பார்க்காமல்.