எல்லையில் நின்ற குஞ்சு லாரி

எல்லைச் சாவடியில் அவளை எல்லோரும் மோப்ப டாக்டர் என்றுதான் சொல்வார்கள். கால்நடை மருத்துவர்தான், ஆனால் கோழிக்குஞ்சுப் பெட்டியைத் திறப்பதற்கு முன் மூடியோரம் மூக்கை வைத்துவிடுவாள். சீக்குக் குஞ்சென்றால் அந்த மூக்குக்குத் தெரிந்துவிடும். கேலி பேசியவர்கள்கூட அதை நம்பித்தான் லாரி ஓட்டினார்கள்.

சாவடியில் இரண்டு நாட்டுக்கும் சேர்த்து ஒரே மேசை. எதிரே அந்த நாட்டு டாக்டர். அவளைவிட இளையவர், வாய் நிறைய "அக்கா" என்பார். ஒருவர் பெட்டியைப் பார்த்தால் போதும், மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துவார். ஒப்பந்தமே அப்படித்தான். டீ ஆறுவதற்குள் லாரி எல்லை தாண்டிவிடும்.

அப்புறம் வந்தாரய்யா ஒரு தலைவர்! "நம்ம வாசலை நாமதான் காக்கணும், அந்நியன் முத்திரை நமக்கெதுக்கு?" என்று மைக்கில் முழங்கினார். தொண்டை கிழியக் கத்திய கூட்டத்தில் அவளுடைய சொந்தத் தம்பியும் ஒருவன். அவனுக்குத் தொழில் என்ன தெரியுமா? குஞ்சு பொரித்து அந்த நாட்டுக்கு அனுப்புவது! அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"உன் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போட்டுக்கிறியேடா."

"அது உள்ள வர்றவனுக்குக்கா. வெளிய அனுப்புற நமக்கென்ன?"

தலைவர் ஜெயித்தார். மேசைக்கு நடுவே பலகைத் தடுப்பு வந்தது. உள்ளே வரும் லாரி ஒரு முழு நாள் நின்ற பிறகுதான் சோதனை என்று உத்தரவு. அந்த நாட்டுக்காரர்கள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்களா? அந்த வாரமே அவர்களும் அதே உத்தரவைப் போட்டார்கள்.

தம்பி வழக்கம்போலக் குஞ்சுகளை ஏற்றி அனுப்பினான். தாகத்துக்குப் பெட்டிக்குள் வைக்கிற தண்ணீர்க் கூழைக்கூட வைக்கவில்லை. அரை மணி நேர வேலைக்கு அதெல்லாம் எதற்கென்ற பழைய நினைப்பு. லாரி அந்தப் பக்கத்துக் கொதிக்கிற வெயிலில் போய் மாட்டிக்கொண்டது. அவன் அலறியடித்துக்கொண்டு அக்காவிடம் ஓடிவந்தான்.

அவள் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஏம்ப்பா, நிக்கிறது என் தம்பி லாரி. கொஞ்சம் பாரேன்."

"உங்களுக்குத் தெரியாததாக்கா? இப்பத் திறந்தா என் வேலை போயிடும்," என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"புகார் குடுப்போம்க்கா!" என்றான் தம்பி.

"யார்கிட்டடா? ரெண்டு நாட்டு வழக்கையும் கேக்குற நடுவர் மன்றத்துக்கு நம்ம ஆளையே அனுப்ப மாட்டேன்னுட்டாரு உன் தலைவரு. அங்க பாதி நாற்காலி காலியா கிடக்கு. போய் நாற்காலிகிட்ட அழு!"

மறுநாள் அந்தப் பக்கம் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டு லாரியை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். குஞ்சுகளில் பாதிக்குமேல் செத்து விறைத்துக் கிடந்தன. தம்பி தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். திட்ட வாயெடுத்தவள், பாவம், அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். இனியாவது இவனுக்குப் புத்தி வரும் என்று நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து அந்த நாட்டிலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. அதுவும் குஞ்சு லாரிதான். உள்ளே கீச்கீச்சென்று ஒரே சத்தம். துறுதுறுவென்ற குஞ்சுகள், ஒரு குறையும் இல்லை. தடுப்புக்கு அப்பால் இளைய டாக்டர் எழுந்து நின்று அவளையே பார்த்தார்.

தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "விடாதக்கா! அவனுங்களும் அனுபவிக்கட்டும்!"

உத்தரவை அவள் மீறுகிறாளா என்று பார்த்தபடி சாவடியின் மேலதிகாரி வாசலிலேயே நின்றார். அவள் டிரைவரிடம் போனாள்.

"வண்டிய ஓரமாப் போடுப்பா. நாளைக்குத்தான் பாக்க முடியும்."

தம்பி கை தட்டினான்.