கல் இருந்தால் ஏறிவிடுவேன்

எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். ஏறத்தான் தெரியாது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று கேட்பவர்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்துக்கு வந்து பார்க்கலாம். சந்து முனையில் ஒரு மிளகுக் கிடங்கு. அதன் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் படி. நாற்பத்தேழாம் வயதில் நான் சைக்கிள் பழகியது அந்தப் படியை நம்பித்தான்.

பெண்களுக்கு சைக்கிள் சொல்லித்தர ஒரு டீச்சர் ஞாயிறுதோறும் மைதானத்துக்கு வருவார். மலையாளி, என்னைவிடப் பத்து வயது சின்னவர். எங்களிடம் பாதித் தமிழில் பேசுவார். முதல் நாள் சீட்டைப் பிடித்து என்னை ஏற்றிவிட்டார். நான் விழாமல் ஓட்டிவிட்டேன். "சேச்சி மிடுக்கி!" என்று பாராட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஏறுவது எப்படி என்று திரும்பிப் போய்க் கேட்க எனக்கு வெட்கம். ஜூ டவுன் என்கிற யூதத் தெருவில் மசாலாப் பொட்டலம் கட்டும் கடையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். யாராவது விலை கேட்டால், மலையாளம் பேச வெட்கப்பட்டு இன்னும் விரலால்தான் காட்டுகிறேன். ஆகவே விடிகாலையில் கிடங்குப் படியில் இடது காலை ஊன்றி, சீட்டில் உட்கார்ந்து, உந்தி, ஒரு சுற்று போய், திரும்ப அதே படியில் காலை ஊன்றி நிற்கப் பழகிக்கொண்டேன். சீட்டிலிருந்து கால் தரைக்கு எட்டாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்து மேடையின் படி உதவியது. படி இருக்கிற உலகத்தில் நான் நல்ல சைக்கிள்காரி.

ஒரு வாரம் டீச்சர், வைப்பின் தீவு வழியாகக் கடற்கரை ஓரமாகவே செறாய் வரை போய் வரலாம் என்றார்.

"தனியா ஏற, இறங்கத் தெரிஞ்சவங்க மட்டும் கை தூக்கணும் கேட்டோ. வழியில யாரையும் நான் பிடிக்க மாட்டேன்."

என் பக்கத்து வீட்டுக்காரி, தையல் கடை வைத்திருப்பவள், தன் கையைத் தூக்கியதோடு என் முழங்கையையும் இடித்தாள். நான் தோள் மட்டத்துக்குத் தூக்கினேன். டீச்சர் அதையும் ஒரு கையாக எண்ணிக்கொண்டார். உண்மை வெளிப்பட்டால் பத்துப் பேர் முன்னால் மறுபடி புதியவர்கள் வரிசைக்குப் போக வேண்டும். போக மாட்டேன், சைக்கிளையே விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அதைக் கைவிடவும் மனமில்லை. அந்த வயதில் எனக்கென்று கிடைத்தது அது ஒன்றுதான்.

வண்டிகளை ஏற்றிப் போகும் ஜங்கார் படகில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறி, அக்கரையில் தள்ளிக்கொண்டு இறங்கினோம். வைப்பின் துறையில் ஒரு சிமென்ட் திண்டு இருந்தது. செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி அங்கே ஒதுங்கி, ஏறிவிட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து எல்லோரும் சாயாக்கடையில் நின்றார்கள். அங்கே சமதரை. நான் நிற்கவில்லை.

"சேச்சி, நிக்கூ! புட்டும் கடலையும் உண்டு!"

கையை அசைக்கவும் பயம். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். கொஞ்ச தூரத்தில் ஒரு ஓடைப் பாலத்தின் குட்டைச் சுவர் வந்தது. அதில் காலை ஊன்றி, சீட்டை விட்டு இறங்காமல், பட்டினியாக உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார்கள்.

"எந்தொரு ஸ்டாமினா!" என்றார் டீச்சர்.

"இத்தனை நாளா எங்கடி ஒளிச்சு வச்சிருந்தே இதை?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

குழுப்பிள்ளியில் கடலோரச் சாலைக்குத் திரும்பினோம். இடது பக்கம் கடல். அதைத் தடுக்கப் போட்டிருந்த பாறாங்கற்கள்தான் என் கண்ணில் பட்டன. எந்தக் கல் சாலையை ஒட்டி இருக்கிறது, எது ஆடாது, எதன் தலை தட்டை என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். கடல் என்ன நிறத்தில் இருந்தது என்று கேட்டால் தெரியாது. "அய்யோ, அங்க பாரு!" என்று யாராவது கத்தி நிற்கும்போதெல்லாம் நான் அடுத்த நல்ல கல்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். செறாயில் முதலில் போய்ச் சேர்ந்ததும் நான்தான். மணலில் விட்டேன், சக்கரம் புதைந்து, வண்டி என்னைப் பக்குவமாகச் சாய்த்து இறக்கியது. பின்னால் வந்தவர்கள் கை தட்டினார்கள்.

மதியம் கப்பைக்கிழங்கும் மீனும் தின்றுவிட்டுக் கிளம்பும்போது, வண்டிகள் நிறுத்தும் திடலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார் டீச்சர். கடல் இப்போது வலது பக்கம் போயிருந்தது. கற்களும் அதனோடு போய்விட்டன.

"சேச்சி முன்னாடி போகட்டும். நாமெல்லாம் பின்னாடி."

பத்து சைக்கிள்கள் என் முதுகுக்குப் பின்னால் காத்து நின்றன. சுற்றிலும் ஒரு செங்கல்கூட இல்லை. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன்.

"டீச்சர், எனக்கு ஏறத் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். "சேச்சிக்கு என்னா நாணம்!" என்றார் டீச்சர். ஆயுளில் ஒரு தடவை கூட்டத்தின் முன்னால் உண்மையைச் சொன்னேன்; அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இனி காட்டத்தான் முடியும். காலைத் தூக்கினேன். சைக்கிள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக விழுந்தோம்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். பிறகு சாலைக்கு அப்பால் இருந்த கற்களைப் பார்த்தாள்.

"எடீ, அதான் கல்லு கல்லா போய் நின்னியா?"

நான் சுடிதாரில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன். டீச்சர் அருகே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அன்னிக்கு கை தூக்கினீங்களே சேச்சி?"

"பாதிதான் தூக்கினேன் டீச்சர்."

அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. பிறகு ஹேண்டிலைப் பிடித்து நிமிர்த்தி, "வலது பெடல் மேலே வரட்டும். அதை மிதிச்சு எழுந்திருங்க. அப்புறம்தான் சீட்டு" என்றார். இவ்வளவுதான். இதைக் கேட்கத்தான் எனக்கு மூன்று மாதமாக வெட்கம். பத்துப் பேரும் வெயிலில் நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவர்கள் வாயை மூடியிருந்தால் நாலு தடவையில் முடிந்திருக்கும். பதினோராவது தடவை ஏறிவிட்டேன்.

ஏறினேன், ஆனால் பன்னிரண்டாவது தடவையும் வருமா என்ற சந்தேகத்தில் வைப்பின் துறை வரைக்கும் இறங்கவே இல்லை. வலது பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஜங்காரில் பக்கத்து வீட்டுக்காரி தன் போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். கடல் நீலமாக இருந்திருக்கிறது. ஓரிடத்தில் பச்சையாகக்கூட. எல்லாப் படத்திலும் ஓரத்தில் ஒரு முதுகு போய்க்கொண்டே இருந்தது.

"இதுல யாருடி குறுக்க?" என்றாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லு," என்றேன். "கடலைப் பாக்கணும்."