அவள் அழித்த படம்

மூன்றாவதோடு படிப்பை விட்டவன் நான். ஓசூர்ப் பக்கம் கல்குவாரி, லாரிகள், ஆட்களுக்கு வரிசை வீடுகள், எல்லாம் நானே உண்டாக்கினேன்.

கூலியாட்களைப் படமெடுக்க வெளிநாட்டுப் பெண்ணொருத்தி சம்பளமில்லாமல் வந்தாள். வெயிலில் சிவந்த முகம், அரைகுறைத் தமிழ். எடுத்ததை அவரவரிடம் காட்டிச் சம்மதம் கேட்பாள். தெலுங்குக்காரர்களிடம் கேட்டுச் சொல்வது நான்.

ஜல்லி சுமக்கும் தெலுங்குக்காரி ஒருத்தி தன் படத்தைப் பார்த்துப் பதறினாள். "பொண்ணுக்குச் சம்பந்தம் பேசறாங்கண்ணா. கூடை தூக்கறேன்னு தெரிஞ்சா நின்னுடும்."

நான் அதைத் தமிழில் சொன்னதும் வெளிநாட்டுப் பெண் படத்தை அழித்துவிட்டாள்.

"ஏம்மா, எத்தன நல்லா இருந்துச்சு!"

"அவங்க வேணாம்னாங்களே, ஐயா."

இப்படியும் ஒருத்தியா என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் அந்த 'வேணாம்' என்பதை மாற்றாமல் சொன்னவன் நான். அவள் படங்களைக் கண்காட்சியில் மாட்டுகிற இடத்தில் அதையும் எழுதவேண்டும்.