நேராகத் தொங்கிய ஜெபமாலை

போன ஞாயிற்றுக்கிழமை நான் சாகப் பார்த்தேன். எதற்காக? ஒரு பேனருக்காக!

என் கல்லூரி நண்பன் சேவியருக்குத் தனியார் விமானி லைசென்ஸ் புதுசாகக் கிடைத்திருந்தது. புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் தண்ணீர்த் தொட்டி தயாரிக்கும் அவன் அப்பா சும்மா இருப்பாரா? ஃப்ளையிங் கிளப்பின் குட்டி விமானத்தில் மகன் புதுச்சேரியில் வந்து இறங்கப் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லி, லாஸ்பேட்டை ஏர்போர்ட் பக்கம் பேனர் வைத்து, பேண்டு வாத்தியமும் பிடித்துவிட்டார். பேனரில் விமானத்தைவிட சேவியர் பெரிதாக இருந்தான்.

பக்கத்து சீட்டுக்கு என்னைக் கூப்பிட்டான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சர்டிஃபிகேட் வைத்திருப்பவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி வளர்ந்தவன்... ஏறிவிட்டேன்.

கிளப் இருப்பது புதுச்சேரிக்கு மேற்கே, உள்மாவட்டத்தில். கிளம்பும்போதே கிழக்கே கருத்திருந்தது. "மேகம் கிட்ட வந்தா திரும்பிடு. வெளிய பாத்து ஓட்டத்தான் உனக்கு லைசென்ஸ்" என்று பயிற்சியாளர் சொல்லித்தான் அனுப்பினார்.

பாதி வழியில் மேகம் கிட்ட வந்தது.

"திரும்பிடலாம்டா" என்றேன்.

"அப்பா பேண்டு சொல்லிட்டாருடா. எத்தினி பேரு வந்து நிக்கிறாங்க தெரியுமா?"

எனக்குத் தெரியும். மேகத்துக்குத் தெரிய வேண்டாமா?

உள்ளே போனோம். மேலே வெள்ளை, கீழே வெள்ளை. "டேய், நாம சாஞ்சிருக்கமா?" – கேட்பவர் விமானி, கேட்கப்படுபவர் பயணி!

இடது இறக்கை இறங்கியிருப்பதாக முன்னால் இருந்த மீட்டர் காட்டியது. சேவியர் நம்பவில்லை. அவன் அம்மா கொடுத்த ஜெபமாலை எதிரே தொங்கியது. "மாலையப் பாரு, நேராத் தொங்குது. மீட்டருதான் ரிப்பேரு."

நானும் பார்த்தேன். நேராகத்தான் தொங்கியது. நான் நேராக உட்கார்ந்திருப்பதாகத்தான் என் உடம்பும் சொன்னது. உயரம் காட்டும் முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது...

ரேடியோவில் சேவியர் கத்தினான்: "சார், ஜெபமாலை நேராத்தான் சார் இருக்கு!"

அதுவரை ஆங்கிலம் பேசிய கண்ட்ரோல் டவர்க்காரர் தமிழுக்கு வந்தார். "தம்பி, ஜெபம் பண்ணு, வேணாங்கல. ஆனா மீட்டரப் பாத்து ஓட்டு. விமானம் சாஞ்சு சுத்தும்போது தொங்குறதும் அதோடதான் சாயும். உன் உடம்பும் உன்னை ஏமாத்தும். மொதல்ல றெக்கைய நேராக்கு."

நேராக்கினான். எனக்கோ வலது பக்கம் கவிழ்வது போலிருந்தது! மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் இறங்குவது நின்றது. அவர் சொல்லச் சொல்ல மெல்ல ஏறி, மெல்லத் திரும்பி, வெளியே வந்தோம். கீழே வயல் வரப்பு தெரிந்தது. ஒரு வரப்பு அவ்வளவு அழகாக இருக்கும் என்று யார் கண்டது?

நம் ஊரில் பேனர் அடித்துவிட்டால் எதையும் நிறுத்த முடியாது. கல்யாணம், கட்சிக் கூட்டம், கடை திறப்பு... இப்போது விமானமும். லைசென்ஸ் கொடுப்பவர்கள் பறக்கக் கற்றுத் தருகிறார்கள். கூட்டத்தைக் காக்க வைத்துவிட்டு 'வரவில்லை' என்று சொல்ல யார் கற்றுத் தருவது?

கிளப்பில் இறங்கியதும் சேவியர் அப்பாவுக்கு போன் போட்டான்.

"அத்தினி பேரு முன்னாடி மானத்த வாங்கிட்டியேடா! பயந்துட்டியா?"

"ஆமாம்பா. ரொம்பப் பயந்துட்டேன்."

லைசென்ஸ் வாங்கிய பிறகு சேவியர் ஒரு விமானி மாதிரிப் பேசியது அப்போதுதான்.

மறுபடி கூப்பிட்டால் போவேனா? இதே பயத்தோடு வந்தால் போவேன். தைரியமாக வந்தான் என்றால்... எனக்கு அன்றைக்கு வேறு வேலை இருக்கும்.