கம்பி குத்தாத மூலை

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

சிக்கல் ஊர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னப் புஞ்சை இருக்கிறது. அதில் விளையும் குண்டு மிளகாயைக் கிள்ளிப் போட்டால் மீன்குழம்பு அடுத்த தெருவரை மணக்கும். மாரியூர் மீன்காரி கூடையை இறக்கும்போதே, "அக்கா, ஒங்க மொளகா ஒரு கை குடுங்க, மீனு கூட ரெண்டு போடுறேன்" என்பாள். அது கிடக்கட்டும், சொல்ல வந்தது என் வீட்டுக்காரரைப் பற்றி.

அவர் பட்டாளத்தில் கண்ணிவெடி புதைக்கும் வேலை பார்த்தவர். வடக்கே எல்லையில், விவசாயிகளின் கோதுமைக் காட்டில் புதைத்தார்களாம். பதற்றம் தணிந்ததும் புதைத்தவர்களே தோண்டி எடுத்தார்களாம். எடுத்ததில் ஒன்று குறைந்தது. தேடித் தேடி அகப்படாமல், வாய்க்கால் தண்ணீர் இழுத்துப் போயிருக்கும் என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

ஊருக்கு வந்த பிறகும் அவர் விடவில்லை. வருசா வருசம் முதல் உழவுக்கு முன் எங்கள் புஞ்சையில் குப்புறப் படுத்து, கம்பியைச் சாய்வாகக் குத்திக் குத்தி அந்த ஒரு வெடியைத் தேடுவார். அவர் முடிக்கும்வரை நான் வரப்பைத் தாண்டக் கூடாது. ஊர் சிரிக்கும். நானும் சிரிப்பேன். களையெடுக்கும்போது தொலைத்த என் காதுத் தோட்டை ஒரு தடவை அந்தக் கம்பிதான் எடுத்துக் கொடுத்தது. இப்படி ஒரு ஆள் எவளுக்கு வாய்ப்பார்?

இந்த வருசம் அவருக்குக் கை நடுக்கம். வேலை ஓடவில்லை. மழை முந்திக்கொண்டதால், ஈரம் காயும் முன்னே உழ வேண்டுமென்று மகன் டிராக்டர் பேசிவிட்டான். வண்டி வந்தபோது கிழக்கு மூலை மட்டும் குத்தாமல் கிடந்தது. வழக்கமாக வண்டிக்குப் பின்னாலேயே இறங்கும் கொக்குகள் அன்று கருவேல மரத்தை விட்டு இறங்கவில்லை. காற்றும் இல்லை.

"ஏலே, நிப்பாட்டு!" என்று ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் படுத்துவிட்டார்.

டிராக்டர்காரன் குதித்து இறங்கினான். "மாமா, இது மொளகா காடு. இங்கன என்ன இருக்கப்போகுது?"

"அங்கனயும் இப்படித்தாண்டா, வெறும் மண்ணு மாதிரி இருந்துச்சு."

தூக்கப் போன மகனை உதைத்தார். சக்கரத்துக்கும் அவர் தலைக்கும் ஒரு முழம்தான் இருந்தது.

நான் செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே கிழக்கு மூலைக்கு நடந்தேன்.

"ஏ புள்ள! போகாத! வச்ச காலடியிலயே திரும்பி வா!"

அவர் அப்படி அலறி நான் கேட்டதே இல்லை. இத்தனை வருசம் சிரித்தவளுக்கு அன்று உள்ளங்கால் கூசியது. ஒவ்வொரு அடியையும் மெதுவாகத்தான் வைத்தேன். மூலைக்குப் போய்ச் சேர்ந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன்.

"பாத்தீகளா? ஒண்ணுமில்ல. எந்திரிங்க, வெயில் ஏறுது."

எழுந்தார். வண்டி உழுதது. வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் பாதங்களைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இங்கன இல்லைன்னா, அது இன்னும் அங்கனதான் கெடக்கு" என்றார். "அந்தக் கோதுமைக் காட்டுக்காரி எங்களுக்கு மோரு குடுத்தா. அவளும் செருப்பு போட மாட்டா."



அந்தக் கம்பியை ஒளித்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அடுத்த வருசமும் அது இங்கேதான் கிடக்கிறதென்று அவர் தேடட்டும்.