'தீ' என்று நான் படித்த சொல்: புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பத்து நாட்கள்

எங்கள் கல்லூரியில் பிரெஞ்சை இரண்டாம் மொழியாக எடுத்தவர்கள் பதினோரு பேர். ஒன்றரை வருஷம் வினைச்சொற்களை உருப்போட்டும், வகுப்புக்கு வெளியே பிரெஞ்சு பேசுகிற ஒரு மனிதரை எங்களில் ஒருத்திகூட நேரில் பார்த்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்க எங்கள் பேராசிரியை இந்த 1938 ஜனவரியில் எங்களைப் பத்து நாள் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். நம்மவர்களுக்கு அயல்நாடு போகக் கப்பல் ஏற வேண்டியதில்லை. விழுப்புரத்தில் ரயில் மாறினால் போதும், பிரெஞ்சு ராஜ்யம் வந்துவிடும். அடுத்த வருஷம் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் செய்த பிழையை ஒளிக்காமல் எழுதுவதும் அதற்காகத்தான்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தேன். அப்பா இங்கே பள்ளிக்கூட ஆசிரியர். வருஷப் பிறப்பன்று, சனிக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது அந்தோணியம்மாள் அக்கா வந்தார். இராஜபாளையத்தில் பருத்தி அரைக்கும் ஜின்னிங் ஆலையில் வேலை பார்ப்பவர். அவர் கணவர் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வியாபாரக் கம்பெனிக்குக் காவலாளாக, பிரெஞ்சுக்காரர் ஆளும் சைகோனுக்குப் போனார். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. அங்கே யாராவது எழுதிக் கொடுக்கும் கடிதங்களை இங்கே அப்பா படித்துச் சொல்வார், பதிலும் எழுதித் தருவார். ஆறு மாதமாகக் கடிதம் இல்லை. இப்போது ஓர் உறை வந்திருந்தது. உள்ளே தமிழில் ஒரு வரி கிடையாது. முத்திரை குத்திய ஒற்றைத் தாள், முழுக்கப் பிரெஞ்சு.

"எம் மக வாசிப்பா" என்றார் அப்பா. அவருக்கு அதில் எவ்வளவு பெருமை என்று எனக்குத் தெரியும். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அக்காவோடு தேவதானத்திலிருந்து அவருடைய அண்ணனும் வந்திருந்தார். அம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் இருவர் வாசலில் நின்றார்கள். இத்தனை பேர் முன்னால் தாளை விரித்தேன். நாங்கள் படித்ததெல்லாம் அச்செழுத்து. இதுவோ சாய்ந்து ஓடும் கையெழுத்து. கணவரின் பெயர் தெரிந்தது. அதை அடுத்து 'மகன்' என்ற சொல், அதன் பின் 'ஃபே', பிறகு படிக்க முடியாத ஒரு கிறுக்கல், இரண்டு வரி தள்ளி 'மேசோன்'. 'ஃபே' என்றால் தீ, 'மேசோன்' என்றால் வீடு. இரண்டும் எங்கள் முதல் வருஷப் பாடத்தில் வந்தவை. சேர்த்துப் படித்தால் 'தீயின் மகன்' என்று வந்தது. பொருந்தவில்லை. 'மகன்' என்பதை எழுதியவர் கைப்பிழை என்று தீர்மானித்து, அதை நானே நீக்கிவிட்டேன்!

"தீ என்று இருக்கிறது அக்கா. வீடு என்றும் இருக்கிறது. மற்றது சரியாகப் புரியவில்லை" என்றேன்.

"தீயா? எந்த வீட்டுல?" என்று கேட்டார் அண்ணன். "மாப்ள படுத்திருந்த வீடா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தோணியம்மாள் அக்கா மட்டும் அசையவில்லை.

"செத்தாவன்னு எழுதிருக்கா தாயி?"

"அப்படி ஒன்றும் என் கண்ணில் படவில்லை."

"அப்போ யாரும் அழப்பிடாது" என்றார் அக்கா. தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "நீ புதுச்சேரி போறியாம்ல? வெவரம் தெரிஞ்சவகட்ட காட்டி, முழுசா வாசிச்சுட்டு வா. அதுவரைக்கும் நான் தாலியத் தொடமாட்டேன்."

வெளியே போகும்போது அண்ணன் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. "பத்து நாளு எப்படி வாத்தியாரய்யா பொறுக்க முடியும்? ஊர்ல கேப்பாவள்லா. வார ஞாயித்துக்கிழமைய விட்டுட்டு அடுத்த ஞாயிறு வரைக்கும் பாப்போம். பொறவு கோடி எடுத்துட்டு வந்துருவேன்."

கோடி என்றால் கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போடும் புடவை. என் வாயிலிருந்து வந்த ஒற்றைச் சொல்லுக்காக ஒருவர் அதை வாங்கக் கடைக்குப் போகப் போகிறார்.

திங்கட்கிழமை பகல் இரண்டு பத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் ஏறினேன். விருதுநகர் இருபத்தெட்டு மைல், ஒன்றரை மணி நேரம். அங்கே இரண்டரை மணி நேரம் காத்திருந்து மதராஸ் வண்டியைப் பிடிக்க வேண்டும். அதுவரை அப்பா கூட இருந்து, பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பினார். விழுப்புரம் வரை மூன்றாம் வகுப்புக் கட்டணம் நாலு ரூபாய் இரண்டணா. பெண்கள் பெட்டியில் இடம் கிடைக்கும், ஆனால் குடிதண்ணீர் கிடைக்காது. கூஜாவை மதுரையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். விடியுமுன் விழுப்புரத்தில் இறங்கினேன். மதராஸிலிருந்து வந்த தோழிகளும் பேராசிரியையும் அங்கே சேர்ந்துகொண்டார்கள். அங்கிருந்து புதுச்சேரிக்கு இருபத்துநாலு மைல், ஆறணா.

பிரெஞ்சு எல்லையில் சுங்கச் சிப்பாய் என் பெட்டியைத் திறந்தார். புத்தகத்துக்குள் இருந்த தாளை எடுத்துப் பார்த்தார். "சைகோன் காயிதமா? எங்க ஊருக்குத் தெனம் வருது" என்று சொல்லித் திரும்ப வைத்துவிட்டார். அவரிடமே கேட்டிருக்கலாம். பின்னால் பத்துப் பேர் நின்றார்கள், கூச்சம் தடுத்துவிட்டது.

தமிழர் வீதி ஒன்றில் ஒரு விதவை அம்மாளின் வீட்டில் தங்கினோம். சாப்பாட்டோடு நாளுக்கு ஒரு ரூபாய். காலையில் நீளமான ரொட்டியும் காபியும்; ரொட்டியைக் கத்தியால் வெட்டாமல் கையால் பிய்க்க வேண்டும் என்பது முதல் பாடம். எட்டு மணி முதல் பதினொன்று வரை வகுப்பு. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும். அந்த நேரத்தில் கடைக்குப் போய்ப் பயனில்லை. மாலையில் கடற்கரைப் பக்கம் நடப்போம். கடைக்குள் நுழைந்ததும் முதலில் 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விலை கேட்டால் நிமிர்ந்தும் பார்க்க மாட்டார்கள். சொல்லிவிட்டாலோ நம் உச்சரிப்பைத் திருத்தி, ஊர் விசாரித்து, அரைமணி நேரம் பேசுவார்கள். அவர்கள் பிரெஞ்சில் பாதி தமிழ், தமிழில் பாதி பிரெஞ்சு. புத்தகத்தில் பிணம்போலக் கிடந்த மொழி, மீன் விற்பவளின் வாயில் சண்டை போடுவதைக் கேட்டபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆனாலும் செவ்வாய், புதன், வியாழன் என்று மூன்று நாள் அந்தத் தாளை நான் யாரிடமும் காட்டவில்லை. முதல் வகுப்பிலேயே பேராசிரியை என் வாசிப்பைப் புகழ்ந்திருந்தார். ஒரு தாளைப் படிக்கத் தெரியாமல் ஒரு குடும்பத்தைக் கலங்கவைத்தேன் என்று அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நான் படித்தது சரியாகவே இருந்துவிட்டால் என்ற பயமும் இருந்தது. காட்டாதவரை அக்காவின் கணவர் உயிரோடு இருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். இதற்காக நான் வெட்கப்படுகிறேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து வந்ததும், அண்ணன் சொன்ன ஞாயிறுக்கு இன்னும் இரண்டே நாள் என்று எண்ணிப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மாளின் மகள் லூசி என் வயதுக்காரி. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். அவளிடம் தாளைக் கொடுத்து, நான் என்ன படித்தேன் என்பதையும் சொன்னேன்.

லூசி படித்தாள். பிறகு கட்டிலில் விழுந்து சிரித்தாள்.

"தீயோட மகனா! அப்போ நான் தீயோட மகடி. இரு, காட்டுறேன்." தன் பள்ளிச் சான்றிதழை எடுத்து வந்தாள். அவள் பெயருக்குப் பின் 'மகள்', அதன் பின் அதே 'ஃபே', அதன் பின் இறந்துபோன அவள் தகப்பனார் பெயர். "செத்தவங்க பேருக்கு முன்னால 'ஃபே' போடுவாங்க. நீங்க காலஞ்சென்றன்னு எழுதுறீங்கள்ல, அதான். மறக்காம இருக்கணும்னா பேய்ன்னு வச்சுக்க."

"அப்படியானால் செத்தது..."

"அவரோட அப்பா!"

அக்காவின் மாமனார் இறந்து எட்டு வருஷமாகிறது.

"மேசோன்?"

"வீடுதான். ஆனா கம்பெனியையும் அப்படித்தான் சொல்லுவாங்க. 'இவர் எங்க கம்பெனியில நல்லபடியா வேலை பாக்குறார், இவர் பொண்டாட்டி இங்க வந்து சேர்றதுக்காக இந்தச் சான்று.' இது சாவு ஓலை இல்லடி, வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்காரு. ஓடு, தந்தி அடி."

நான் ஓடவில்லை. லூசிக்கு எங்கள் பக்கம் தெரியாது. எங்கள் ஊர்த் தெருவில் தந்திக்காரர் சைக்கிளில் வந்தால் யாரும் உறையைப் பிரிப்பதில்லை. முதலில் மார்பில் அடித்துக்கொள்வார்கள். 'உயிரோடு இருக்கிறார்' என்ற தந்தி இராஜபாளையம் போய்ச் சேர்ந்தால், அதைப் படிக்க ஆள் தேடுவதற்குள் அக்காவின் தாலி போயிருக்கும். என் வீட்டுக்கு அனுப்பினால் அம்மா மயங்கி விழுவாள். கடைசியில் அப்பாவின் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்பினேன். ஆங்கிலத்தில், முடிந்தவரை சுருக்கமாக: 'கணவர் உயிருடன். தீ இல்லை. என் பிழை. இராஜபாளையத்துக்கு இன்றே சொல்லவும்.'

அந்தச் சுருக்கம் என்ன செய்தது என்பதைத் திரும்பி வந்தபிறகுதான் அப்பா சொன்னார். தந்தியை வாங்கிப் பிரித்தவர் தலைமையாசிரியர். வகுப்பு வாசலுக்கே வந்து, "என்ன சார், மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!" என்று கேட்டாராம். அப்பா தாளை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு, சிரித்துக்கொண்டே அழுதாராம். கடைசி மணிக்குக் காத்திராமல், ஏழு மைலுக்கு இரண்டணா கொடுத்து, பஸ்ஸில் இராஜபாளையம் போயிருக்கிறார்.

மீதி நாட்களைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அவை மகிழ்ச்சியான நாட்கள். தெரியாத சொல்லைத் தெரியாது என்று சொல்லத் தொடங்கிய பிறகு, ஒன்றரை வருஷத்தில் கற்றதைவிட அந்த ஆறு நாளில் அதிகம் கற்றேன். லூசிக்கு நான் பட்ட கடன் பெரிது. விடைபெறும்போது, "அடுத்த தடவ பேயெல்லாம் கொண்டு வராதே" என்றாள்.

ஊர் வந்த மறுநாளே தாளோடு இராஜபாளையம் போனேன். அக்கா வேலை முடிந்து, தலைமுடியெல்லாம் பஞ்சாக வந்தார். கழுத்தில் தாலி இருந்தது. அண்ணனும் வந்திருந்தார், அவர் என்னைப் பார்க்கக் கூசினார், நான் அவரைப் பார்க்கக் கூசினேன்.

"என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா" என்றேன்.

"அதுக்கென்ன தாயி. வாத்தியாரய்யா வந்து வெவரமாச் சொன்னாவ. ஆனா வாசிச்சது நீதான. அதனால நீயே முழுசா வாசி."

வாசித்தேன். ஒரு வரி பிரெஞ்சு, ஒரு வரி தமிழ். 'காலஞ்சென்ற' என்ற இடத்தில் அக்கா நிறுத்தச் சொன்னார். "எம் மாமனார் செத்தது அந்தச் சீமைக்காரன் வரைக்கும் தெரிஞ்சிருக்கு, பாத்தியா" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். "கேட்டியாண்ணே? கோடி எடுக்க எம்புட்டு அவசரம் உனக்கு!"

"எடுத்தாச்சுட்டி. கடைக்காரன் திருப்பி வாங்க மாட்டேங்கான்."

"அப்போ நீயே ரெண்டாக் கிழிச்சு வேட்டியாக் கட்டிக்கோ."

அண்ணன்தான் முதலில் சிரித்தார்.

அக்கா சைகோன் போவதென்று முடிவாகிவிட்டது. கப்பல் புதுச்சேரியிலிருந்து. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். விருதுநகரில் வண்டி மாறும் நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுங்கள். விழுப்புரத்தில் விடியும் வரை பெண்கள் காத்திருப்பு அறையை விட்டு வராதீர்கள். எல்லையில் பெட்டியைப் பூட்டி வைக்காதீர்கள். பிரெஞ்சுத் தாள் எதுவாக இருந்தாலும் முதல் நாளே, தெரிந்தவர் யாரிடமாவது காட்டிவிடுங்கள். ஜனவரியில் கடல் காற்று குளிரும். ஒரு சால்வை வேண்டும்.

"இறங்குன எடத்துல நான் யாருன்னு கேப்பாவள்லா? அதுக்கு ஒரு பேச்சு சொல்லிக் குடு" என்றார் அக்கா.

'நான் இன்னாருடைய மனைவி' என்பதைப் பிரெஞ்சில் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது தடவையில் பிழையில்லாமல் வந்தது. ஆனால் 'மனைவி' வரைக்கும் வந்து நின்றுவிட்டார். அதற்கு மேல் கணவரின் பெயரைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண் சொல்வாள்?

"பேரு இல்லாம முடியாதா?"

"முடியாது அக்கா. அங்கே எத்தனையோ பேர் இருப்பார்கள்."

அவர் தாளை வாங்கி அந்தப் பெயர் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னார். "இத அந்த ஊர்க்காரவ எப்படிச் சொல்லுவாவ?"

"நாம் மிக்கேல் என்று சொல்வதைப் பிரெஞ்சுக்காரர் மிஷேல் என்பார்கள்."

அண்ணன் எழுந்து வெளியே போகும்வரை அக்கா காத்திருந்தார்.

"அப்போ அது அவிய பேரு இல்லைல்லா" என்றார். முகம் சிவக்க, சுவரைப் பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னார்: "மிஷேல்."