ஒரே பெயரில் இரண்டு பேர்

அந்த வீட்டில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருத்தி வீட்டுக்காரனின் மனைவி. மற்றவள் அவனுடைய தங்கை. கல்யாணப் பேச்சு நடந்தபோதே, "தங்கச்சி பேரும் இதேதானே, வீட்டுல குழப்பம் வராதா?" என்று யாரோ கேட்டதற்கு, "கூப்பிட்டா ரெண்டுல ஒருத்தியாவது வருவா, நல்லதுதானே" என்று அவன் சிரித்தானாம். கட்டடங்களுக்கு வண்ணம் பூசுகிறவன். மூங்கில் சாரத்தின் உச்சியில் நின்றுகொண்டு கீழே போகிறவர்களை வம்புக்கு இழுக்கிற வாய்.

தங்கை கல்யாணமாகிப் போன இடத்திலிருந்து இருபத்தெட்டு வயதில் ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள். புருஷன் வேலை தேடிப் போனவன் போனவன்தான். ஒரு வரி எழுதவில்லை. அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணி, "பின்பக்கத்து அறையில சாமானை எடுத்துடறேன்" என்று மட்டும் சொன்னாள். பத்தாவது வரை படித்தவள் என்பதால் அந்தப் பக்கத்துப் பெண்கள் சேமிப்புக் குழுவுக்குக் கணக்கு எழுதக் கூப்பிட்டார்கள். ஒரு குழு மூன்றாகி, மூன்று ஏழாகி, பதினோரு வருடத்தில் ஏழு குழுக்களுக்கும் அவள்தான் கணக்கக்கா. சம்பளம் என்று பெரிதாக இல்லை. ஆனால் அண்ணன் வீட்டில் தின்கிற சோற்றுக்குத் தலைகுனிய வேண்டியதில்லை என்ற அளவுக்கு இருந்தது.

அதனால்தான் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்றதும் மற்றவர்கள் முகம் சுளித்தபோது அவள் மட்டும் சந்தோஷப்பட்டாள். பேரேடுகளை மூட்டை கட்டித் தோளில் சுமந்து ஏழு இடத்துக்கு நடக்க வேண்டாம். கூட்டல் தப்பிப் போய் விடிய விடிய விழிக்க வேண்டாம். எல்லாவற்றையும்விட, இது நிரந்தர வேலை ஆகலாம் என்று குழுக்களின் கூட்டமைப்பு அலுவலகத்தில் பேச்சு அடிபட்டது.

மூன்று நாள் பயிற்சி. சொல்லிக்கொடுக்க வந்தவர் பளபளப்பான ஷூ போட்டிருந்தார். "யாரும் தப்பே பண்ண முடியாத மாதிரி இதைப் பண்ணியிருக்கோம்" என்றார். ஆளுக்கு டேப் என்கிற பலகைக் கம்ப்யூட்டர் ஒன்றும் கைரேகை வாங்கும் சிறு இயந்திரம் ஒன்றும் கொடுத்தார்கள். நானூற்றுச் சொச்சம் உறுப்பினர்களையும் ஒன்பது நாளில் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததும் பழைய பேரேடுகளை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். இனி பெட்டியில் ரொக்கம் வைக்கக் கூடாது, எல்லாம் வங்கியில். சிஸ்டம் சொன்னால்தான் பணம் வெளியே வரும்.

முதல் நாளே சிக்கல் தொடங்கியது. பேரேட்டில் 'கோழிக்காரி', 'நெட்டை', 'கிணத்தடி வீடு' என்றுதான் எழுதியிருந்தது. சிஸ்டமோ அடையாள அட்டையில் உள்ள பெயரைக் கேட்டது. "உன் சொந்தப் பேர் என்னக்கா?" என்று நெட்டையிடம் கேட்டால், "இரு, அட்டையைப் பாத்துட்டு வரேன்" என்று உள்ளே போனாள். ஊருக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏழாவது படியில் உட்கார்ந்தால்தான் இரண்டு கோடு தெரியும். பாதியில் அறுந்துபோகும், மறுபடி சேமித்தால் ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகும். இடுப்பு ஒடிய அங்கேயே உட்கார்ந்து ஏற்றினாள்.

ஒன்பதாவது நாள் சாயங்காலம் திரையில் ஒரு பட்டியல் வந்தது. 'இவர்கள் இருமுறை பதிவாகியிருக்கலாம். இணைக்கவா?' முப்பத்தேழு பேர். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இருபது வரை எல்லாம் நிஜமாகவே இரட்டைப் பதிவுகள். கூட்டமைப்பு மேலதிகாரி அதற்குள் நாலு தடவை போன் செய்துவிட்டார். "எல்லாரும் முடிச்சாச்சும்மா, உன்னோடது மட்டும்தான் பாக்கி." கீழே 'அனைத்தையும் இணை' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினாள். பச்சையாக ஒரு குறி வந்தது. ஏணியிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

நாலு மாதம் எல்லாம் நன்றாகவே நடந்தது. மாதச் சேமிப்பைக் குழுவுக்கு மொத்தமாகத்தான் ஏற்றினாள், யார் பக்கத்தையும் தனியாகத் திறக்கத் தேவைப்படவில்லை. கூட்டமைப்பு விழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். அண்ணி முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க வீட்டுப் பொண்ணு" என்றாள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை காலை, நாலாவது மாடி உயரத்தில் சாரம் முறிந்து அண்ணன் கீழே விழுந்தான். இரண்டாவது மாடித் தகரத்தில் பட்டு விழுந்ததால் உயிர் தப்பியது. வலது கால் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கும் வைத்தியத்துக்கும் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் காலுக்குள் வைக்கிற தகடும் திருகாணிகளும் வெளியே வாங்கித் தர வேண்டும். "சீக்கிரம் வாங்கிக் குடுங்க. திறந்த காயம், தள்ளிப்போடக் கூடாது" என்றார் டாக்டர். கடைக்காரன் எழுதிக் கொடுத்த விலையைப் பார்த்து அண்ணி, வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். மேஸ்திரியின் போன் அணைந்து கிடந்தது.

"அண்ணி, கவலைப்படாதீங்க. உங்க பேர்ல அவசரக் கடன் போட்டுடலாம். உங்களுக்குக் கடன் பாக்கியே இல்ல" என்றாள் கணக்கக்கா. ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்து டேப்பைத் திறந்து, அண்ணியின் பெயரை அடித்தாள். ஒரே ஒரு ஆள்தான் வந்தாள். அது கணக்கக்காவேதான். போன வருடம் கூரை மாற்றத் தன் பேரில் வாங்கிய கடனில் பாதி இன்னும் பாக்கி நின்றது. அது தீராமல் புதுக் கடன் கிடைக்காது. சேமிப்பு மட்டும் இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

கொஞ்ச நேரம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஒரே பெயர். ஒரே கதவிலக்கம். ஒரே போன் எண், அண்ணனுடையது. கணவர் அல்லது பாதுகாவலர் என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் அதே அண்ணன் பெயர். அண்ணி என்ற ஒரு ஆளே சிஸ்டத்தில் இல்லை. அந்த முப்பத்தேழில் பார்க்காமல் விட்ட பதினேழில் ஒன்று.

"என்ன ஆச்சு?" என்றாள் அண்ணி.

"சிக்னல் இல்ல அண்ணி. இதோ வரேன்" என்று வெளியே ஓடினாள்.

உதவி எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு பெண் குரல் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, புகார் எண் கொடுத்தது. இரண்டு வேலை நாள் ஆகும் என்றது. "அதுக்குள்ள கால் போயிடும்மா" என்றாள் இவள். "உங்க சிரமம் புரியுது மேடம்" என்றது குரல்.

பஸ் பிடித்துக் கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போனாள். மேலதிகாரி நல்லவர்தான், எழுந்து நின்று கேட்டார். ஆனால் அவர் கையில் ஒன்றுமில்லை. இணைத்ததைப் பிரிக்கிற அதிகாரம் தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்குத்தான். அவர் திங்கள்கிழமைதான் வருவார்.

"பழைய பேரேட்டைக் குடுங்க சார், காட்டறேன். அண்ணி கணக்கு தனியா இருக்கு."

"பேரேட்டைக் காட்டினா எனக்குத் தெரியும்மா. சிஸ்டத்துக்குத் தெரியணுமே."

திரும்புகிற பஸ்ஸில் அவளுக்கு ஒரு வழி தோன்றியது. வேறு யாராவது தன் பேரில் கடன் எடுத்துக் கொடுத்தால் போதுமே. நேராகக் குழுத் தலைவியின் டீக்கடைக்குப் போனாள். அந்த அம்மாள் கேட்டு முடிப்பதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். "இதுக்கா இவ்வளவு தூரம் அலைஞ்ச? என் பேர்ல போடு." இரண்டு பேரும் தண்ணீர்த் தொட்டி ஏணியடிக்குப் போனார்கள். தலைவி கைரேகை வைத்தாள். திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. 'உறுப்பினர் விவரத்தில் புகார் உள்ளது. சரிபார்ப்பு முடியும்வரை இந்தக் கணக்காளரின் எல்லாக் குழுக்களுக்கும் கடன் வழங்கல் நிறுத்தப்பட்டுள்ளது.'

அவள் கொடுத்த புகார்தான் அது.

டேப்பை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தாள். அதே சிவப்பு எழுத்து.

மறுநாள் காலை டீக்கடையில் பெண்கள் கூடினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? செய்தி ஆள் மாறி ஆள் வந்து வேறு உருவம் எடுத்திருந்தது.

"அண்ணி சேமிப்பு உன் பேர்ல ஏறியிருக்காமே?" என்றாள் கோழிக்காரி. "அது எப்படி, எங்க பணமெல்லாம் போகாம அது மட்டும் கரெக்டா உன்கிட்ட வந்துச்சு?"

சிஸ்டம் தப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. எல்லாரும் நம்பியிருப்பார்கள்; சிஸ்டத்தைத் திட்ட ஏற்கெனவே பாதிப் பேர் தயாராக இருந்தார்கள். அவள் வாய் வரைக்கும் அது வந்தது.

"நான்தான் அமுக்கினேன்" என்றாள். "முழுசாப் பாக்கல. பாதி பாத்துட்டு மொத்தமா அமுக்கிட்டேன். திருடல. ஆனா தப்பு என்னோடதுதான்."

கோழிக்காரி புடவை முந்தானையை அவிழ்த்து அதில் முடிந்திருந்ததை மேசைமேல் வைத்தாள். "கோவம் கோவமா இருக்கட்டும். முதல்ல அந்த மனுஷன் காலைப் பாருங்க" என்றாள். சுருட்டி வைத்திருந்ததும், மகனின் பள்ளிக்கூடத்துக்கு வைத்திருந்ததும், மூக்குத்தி அடகு வைத்ததுமாக ஒவ்வொருத்தியும் கொண்டுவந்தாள். அன்று இரவு பாதி தேறியது. சனிக்கிழமை மாலைதான் முழுதும் தேறியது. ஞாயிறு காலை தகடு வைத்தார்கள்.

பதினோராம் நாள் காயம் நாற்றமெடுத்தது. காய்ச்சலில் அண்ணன், சாரத்தில் நிற்பதாக நினைத்து, "பிடிச்சுக்கோடா" என்று யாரையோ எச்சரித்துக்கொண்டே இருந்தான். பத்தொன்பதாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

கணக்கக்கா டாக்டர் பின்னாலேயே போனாள். "முதல் நாளே தகடு வெச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாமா சார்?"

டாக்டர் நின்றார். களைத்த முகம். "காப்பாத்தியிருக்கலாம்னு சொல்ல முடியாதும்மா. காப்பாத்தியிருக்க முடியாதுன்னும் சொல்ல முடியாது."

அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் அவள் அதற்குப் பிறகு வாழ வேண்டியிருந்தது.

அண்ணியிடம் அன்றைக்கே சொன்னாள். ஊருக்கே தெரிந்த விஷயம், ஆனால் அண்ணி ஆஸ்பத்திரியை விட்டு நகராததால் அவள் காதுக்கு மட்டும் சரியாக எட்டவில்லை. கைகழுவும் குழாயடியில் நின்று, பட்டியல், பொத்தான், பச்சைக் குறி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அண்ணி குழாயை மூடினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "அன்னிக்கு சிக்னல் இல்லன்னு சொன்னியே" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் பேச்சில்லை.

அண்ணன்தான் பேசினான். "விடு. சாரத்தைக் கட்டினவன் தப்பு. ஏறின என் தப்பு. உனக்கு எங்கிருந்து பங்கு வந்துச்சு?" பிறகு சிரிக்க முயன்றான். "இனிமே செருப்பு வாங்கினா ரெண்டு வருஷம் வரும்." அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். அவனும் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டான்.

விழுந்த இருபத்தாறாம் நாள் அவன் போனுக்குச் செய்தி வந்தது: 'உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் அளிக்கவும்.'

வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவள் டேப்பைத் தலைவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். தலைவி வாங்கிக்கொள்ளவில்லை. "விட்டுட்டு ஓடிட்டா ஆச்சா? மிச்சம் பதினாறைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அன்று பகல் முழுக்க ஏணிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று, வேறு வேறு குழுவில் இருந்த, ஒரே பெயர் கொண்ட ஒரு மாமியாரும் மருமகளும். இன்னொன்று, ஒரே தெருவில் ஒரே பெயரோடு ஒரே பெயருள்ள புருஷனைக் கட்டிய இரண்டு பெண்கள். மூன்று வீட்டுக்கும் போனாள். வாசலில் நின்று நடந்ததைச் சொன்னாள். ஒரு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள்.

அண்ணி துணி வெளுக்கிற கடையில் இஸ்திரி போடும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். வீட்டில் அடுப்பு ஒன்றுதான். அண்ணி ஆக்கி வைத்துவிட்டுப் போவாள், இவள் அண்ணனுக்குப் போட்டுக் கொடுத்துத் தானும் சாப்பிடுவாள். உப்பு குறைந்தால் குறைந்தபடி.

மூன்றாம் மாதக் கூட்டத்துக்கு அண்ணி வந்தாள். கடைசியில் உட்கார்ந்தாள். தன் முறை வந்ததும் தலைவியைப் பார்த்து, "நான் குழுவை விட்டு விலகறேன். என் சேமிப்பைக் குடுத்துடுங்க" என்றாள். தலைவி கணக்கக்காவைப் பார்த்துத் தலையசைத்தாள்.

கணக்கக்கா டேப்பில் அண்ணியின் பக்கத்தைத் திறந்தாள். தனிப் பக்கம், தனி எண், எல்லாம் சரியாக இருந்தது. விலகும் காரணம் என்ன என்று சிஸ்டம் கேட்டது. மரணம், இடமாற்றம், கடன் தவறுதல், மற்றவை. 'மற்றவை'யை அமுக்கினாள். இயந்திரத்தை அண்ணியின் பக்கம் நகர்த்தினாள். இஸ்திரிப் பெட்டி சுட்டுச் சுட்டு அண்ணியின் விரல் நுனி தடித்திருந்தது. முதல் தடவை ரேகை விழவில்லை. இரண்டாம் தடவையும் விழவில்லை. கணக்கக்கா அந்த விரலைத் தன் முந்தானையால் மெல்லத் துடைத்து, பிடித்து, அழுத்தினாள். அண்ணி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது அண்ணி."

அண்ணி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். கணக்கக்கா அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.